தகரக் கூரையில் மழை விழும்போது

ஆசிரியர்களையும் சமூகப் பணியாளர்களையும் உருவாக்கும் பீடங்கள், கல்லூரிகள், பயிற்சி நிலையங்களுக்குத் தலைவர்களைத் தெரிவு செய்வோருக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேரவை உறுப்பினர்களுக்கும் பீடச் சபையினருக்கும் தெரிவுக்குழுவினருக்கும்,

வணக்கம்.

போன கார்த்திகையில் என் தங்கையின் மகள் ஒரு வழிகாட்டிக் கையேட்டோடு உப்புவெளியிலுள்ள என் வீட்டுக்கு வந்தாள். உயர்தரம் முடித்திருக்கிறாள். ஆசிரியராவதா, சமூகப்பணி படிப்பதா என்று அவளுக்குள் ஓர் இழுபறி. வெளியே நல்ல மழை. விறாந்தையில் உட்கார்ந்து இருவரும் கையேட்டைப் புரட்டினோம். பீடாதிபதி, துறைத்தலைவர்கள், விரிவுரையாளர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு படமும் பத்து வரியும் கொடுத்திருந்தார்கள். இளமாணி எங்கே, முதுமாணி எங்கே, கலாநிதிப் பட்டம் எந்த நாட்டில், ஆய்வுக் கட்டுரை எத்தனை, பங்குபற்றிய மாநாடு எத்தனை. எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "பெரியம்மா, இவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள்?"

கையேட்டில் அதற்கு விடை இல்லை. நான் மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். இல்லைதான்.

அந்தப் பக்கங்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். மூதூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறு வருடம் ஆரம்பப் பிரிவு எடுத்தவர். ஆசிரிய ஆலோசகராக அந்தக் கோட்டத்துக்கு நான் போய்வந்த நாட்களில் அவருடைய வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த ஆறு வருடத்துக்குப் பத்து வரியில் ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. அவரையே தொலைபேசியில் அழைத்து, ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். சிரித்தார். "அக்கா, அதற்குப் புள்ளி இல்லை" என்றார்.

இந்த மடலை எழுதவைத்தவை அந்த நான்கு சொற்கள்தாம்.

நான் 34 வருடம் கல்வித் திணைக்களத்தில் இருந்தவள். அதில் பிற்பகுதி 11 வருடம் ஆசிரிய ஆலோசகராகக் கழிந்தது. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும்வரை பாதையில் ஏறி இறங்கித்தான் வேலைக்குப் போனேன். (வெளியூர் வாசகர்களுக்கு: இங்கே பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஆற்றுக்கு அக்கரை சேர்க்கும் மிதவை.) எங்கள் மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன, தேசிய கல்வியியற் கல்லூரி ஒன்றுகூட இல்லை. எங்கள் பிள்ளைகள் தாழங்குடாவுக்கும் அட்டாளைச்சேனைக்கும் போய்ப் படித்துவிட்டு, மூன்றாம் வருடம் கட்டுறுபயில் ஆசிரியர்களாக, அதாவது பள்ளிக்கூடத்தில் நின்று தொழில் பழகுபவர்களாக, திரும்பி வருவார்கள். அப்படி வந்தவர்களைக் கரும்பலகை முன்னால் நிற்கவைத்துப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. ஆகவே யார் யாரிடம் படித்துவிட்டு வந்தார்கள் என்பதை, கேட்காமலே, வகுப்பைப் பார்த்துச் சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. எப்போதும் சரியாகச் சொன்னேன் என்று பெருமையடிக்கவில்லை.

பல்கலைக்கழக ஏணி எப்படி ஏறப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும், வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல வகுப்பில் சித்தியடைந்த பட்டதாரி, சூடு ஆறுமுன்னே தகுதிகாண் விரிவுரையாளராகிறார். குறித்த காலத்துக்குள் மேற்பட்டம் முடித்தால் நிரந்தரமாகிறார். கட்டுரைகள் சேரச் சேர சிரேஷ்ட விரிவுரையாளர், பிறகு பேராசிரியர். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி பீடாதிபதியைப் பீடச் சபையே தெரிவு செய்கிறது. தெரிவு செய்வோரும் தெரிவு செய்யப்படுவோரும் ஒரே ஏணியால் ஏறியவர்கள். இரசாயனத்துக்கோ வரலாற்றுக்கோ இந்த ஏணி பொருந்தும். அங்கே ஆய்வுகூடமும் சுவடிக்கூடமும்தான் களம். ஆசிரியத்தையும் சமூகப்பணியையும் கற்பிக்கும் இடத்துக்கு அதே ஏணியைக் கொண்டுவந்து சாத்தியதால் வந்த வினையைத்தான் பேசுகிறேன். அந்த ஏணியில் பள்ளிக்கூடம் என்ற படி கிடையாது. ஆறு வருடம் அங்கே நின்றவர் ஆறு வருடம் பிந்தி ஏறியவராகவே கணிக்கப்படுகிறார்.

கல்வி நிர்வாகத்திலும் கதை அதிகம் வேறுபடவில்லை. இலங்கைக் கல்வி நிர்வாக சேவைக்கு மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சையால் ஆசிரியர்களும் அதிபர்களும் வருகிறார்கள். திறந்த போட்டிப் பரீட்சையால் வகுப்பறை வாசலை மாணவராக மட்டுமே தாண்டிய பட்டதாரிகளும் வருகிறார்கள். இரண்டாவது வழியால் வந்தவர்களில் மிகத் திறமையானவர்களோடு வேலை செய்திருக்கிறேன். ஆனால் அவர்கள் முதல் இரண்டு மூன்று வருடம் எங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அப்படிக் கற்றுக்கொண்டதை வெளியே சொல்ல வெட்கப்படவுமில்லை. பீடங்களில் அந்த வசதியும் இல்லை. அங்கே பார்த்துக் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடமே பக்கத்தில் இல்லை.

வைத்தியத் துறையைப் பாருங்கள். சத்திரசிகிச்சைப் பேராசிரியருக்குப் போதனா வைத்தியசாலையில் ஒரு விடுதி உண்டு. அந்தக் கட்டில்களில் கிடப்பவர்கள் அவருடைய நோயாளிகள். காலையில் மாணவர்கள் பின்னால் வர, அவர் கட்டில் கட்டிலாகப் போகிறார். பிழைத்தால் எல்லோருக்கும் முன்னால்தான் பிழைக்கிறார். கத்தியே பிடிக்காத ஒருவரை அந்தத் துறைக்குத் தலைவராக்கலாம் என்று யாராவது பேரவையில் முன்மொழிந்தால் கூட்டம் அன்றைக்கே கலைந்துவிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போரின் காயங்களைப் பற்றி எழுதினார் என்றால், அந்தக் காயங்களோடு வந்தவர்களை வைத்தியசாலையில் நாளாந்தம் பார்த்துக்கொண்டிருந்தவர் என்பதால்தான் அந்த எழுத்துக்கு எடை. கல்விப் பேராசிரியரின் விடுதி எங்கே? அவருக்கென்று ஒரு நான்காம் தரம் இந்த மாகாணத்தில் எந்த ஊரில் இருக்கிறது?

இனி, தலைப்பில் சொன்ன மழை.

வெருகலுக்குப் போகும் வழியில் ஒரு சிறிய பள்ளிக்கூடம். அரைச்சுவர் மண்டபம், தகரக் கூரை. மூன்றாம், நான்காம், ஐந்தாம் தரங்கள் மூன்றும் அந்த ஒரே மண்டபத்தில், ஆசிரியை ஒருவர். பல்தரக் கற்பித்தல் பற்றிய செயலமர்வை அங்கேயே வைத்தால் நல்லது என்று நான்தான் ஒழுங்கு செய்தேன். சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களிலிருந்து பதினைந்து ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். செயலமர்வை நடத்த வந்த வளவாளர் அந்தத் தலைப்பில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், தூரத்திலிருந்து வந்திருந்தார். பொல்லாதவர் அல்லர்; அன்பாகப் பேசினார், ஆயத்தமாகவும் வந்திருந்தார். பத்தரை மணிக்கு வானம் கறுத்தது. பிறகு கொட்டியது. மாரி மழை தகரத்தில் விழும் சத்தத்தை அதன் கீழே நின்றவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. நிற்காதவர்களுக்கு விவரித்தும் பயனில்லை. வளவாளர் குரலை உயர்த்தினார். இன்னும் உயர்த்தினார். கூரையைப் பார்த்தார். என் காதருகே வந்து, மழை விட்ட பிறகு தொடரலாம் என்று சொல்லிவிட்டு வாகனத்துக்குள் போய் உட்கார்ந்தார். மழை இரண்டு மணிவரை விடவில்லை.

அவர் போன பிறகு அந்த ஆசிரியை எழுந்தார். கையை உயர்த்தி ஐந்து விரலைக் காட்டினார். ஐந்தாம் தரப் பிள்ளைகள் பலகைத் தட்டிலிருந்து ஆளுக்கொரு புத்தகம் எடுத்துக்கொண்டு சாரல் படாத பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்கள். நான்கு விரல். நான்காம் தரம் கூரை ஒழுகும் இடங்களில் வெறும் பால்மா டின்களை வைத்தது. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை துளி விழுகிறது என்று எண்ணிக் கொப்பியில் நிரல் போட்டு எழுதத் தொடங்கியது. மூன்றாம் தரத்தைக் கரும்பலகைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார். வெண்கட்டியால் ஒரு சொல் எழுதுவார், பிள்ளைகள் அதைப் படமாக வரைவார்கள். படம் ஒன்று கீறுவார், பிள்ளைகள் சொல் எழுதுவார்கள். நாற்பது நிமிடம். வாயை அவர் திறக்கவே இல்லை. வந்திருந்த பதினைந்து ஆசிரியர்களும் சுவரோரம் நின்று பார்த்தோம். அன்றைக்கு நடந்த செயலமர்வு அதுதான். வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி அனுப்பியபோது வளவாளர் பெயருக்கு நேரே யாருடைய பெயரை எழுதினேன் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அரசாங்கத் தாளில் வேறு என்ன செய்ய முடியும்?

அந்த ஆசிரியைதான் பின்னாளில் விரிவுரையாளரானார். "அதற்குப் புள்ளி இல்லை" என்று சிரித்தவரும் அவரே.

இதைக் கேட்டுவிட்டு, அனுபவமே எல்லாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு எதிரான சாட்சியத்தையும் நானே தருகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் படிப்பித்திராத விரிவுரையாளர் ஒருவர் தம் ஆய்வுக்காக ஒருமுறை என்னோடு வந்தார். இரண்டாம் தர வகுப்பு ஒன்று. பிள்ளைகள் பாடத்தைக் கணீரென்று ஒரே குரலில் வாசித்தார்கள். நான் பெருமையோடு அவரைப் பார்த்தேன். அவர் ஒரு பையனின் பக்கத்தில் குந்தி இருந்து, "கடைசி வரியை முதலில் வாசி, பார்ப்போம்" என்றார். பையன் படத்தைப் பார்த்தான். விரலை முதல் வரியில் வைத்து மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு கீழே வந்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்கு அதுவரை வாசிக்கத் தெரியாது. பாடம் முழுவதும் மனப்பாடம். அந்த வகுப்பில் அப்படி எட்டுப் பேர் இருந்தார்கள். இருபதுக்கு மேற்பட்ட வருடங்களாக நான் கோரஸ் வாசிப்பைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். என் அனுபவம் எனக்கு அதைக் காட்டித் தரவில்லை. அவருடைய படிப்புக் காட்டித் தந்தது. அன்றிலிருந்து எந்த வகுப்புக்குப் போனாலும் கடைசி வரியிலிருந்து தொடங்கச் சொன்னேன்.

ஆகவே ஓய்வுபெற்ற அதிபர்களுக்கெல்லாம் பீடத்தில் கதிரை போடுங்கள் என்று கேட்க வரவில்லை. (அப்படிக் கேட்கக்கூடிய சிலரை எனக்குத் தெரியும். அவர்களுடைய பள்ளிக்கூடங்களில் நான் பட்ட பாட்டுக்கு, அந்தக் கதிரையை நானே தூக்கி ஒளித்துவிடுவேன்.) அந்த விரிவுரையாளருக்கும் பால்மா டின் ஆசிரியைக்கும் ஒரே துறையில் இடம் இருக்க வேண்டும், இருவரில் யார் தலைவராகலாம் என்ற கேள்வி வரும்போது டின்னுக்கும் புள்ளி இருக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

சமூகப்பணிப் பக்கம் நிலைமை இன்னும் கூர்மையானது. ஆசிரியர் பிழைவிட்டால் அடுத்த தவணையில் திருத்தலாம். நன்னடத்தை அலுவலர் ஒரு பிள்ளையை எந்த வீட்டில் விடுவது என்பதில் பிழைவிட்டால் திருத்துவதற்கு எதுவும் மிஞ்சாமல் போகலாம். எங்கள் மாவட்டத்துக்கு 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. 2006 இல் போரால் சம்பூர், மூதூர்ப் பகுதிகளிலிருந்து சனம் ஓடியது. சம்பூர் மக்களில் பலர் சொந்தக் காணிக்குத் திரும்பப் பத்து வருடமளவு ஆனது. அந்த நாட்களில் மூன்று நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு உளவளத்துணையாளர் (மன ஆலோசகர்) ஆனவர்களை நாங்கள் பள்ளிக்கூட முகாம்களில் பார்த்தோம். சிலர் உண்மையில் உதவினார்கள். சிலர் ஒரே தாயிடம் ஒரே இழவை ஐந்து பேராக மாறி மாறிக் கேட்டார்கள். ஐந்தாவது ஆளிடம் அந்தத் தாய் சொன்னது எனக்குக் கேட்டது: "முதல் வந்த பிள்ளையிடம் கேளுங்கோ ராசா, அவர் எழுதினவர்."

என் அயல் வீட்டுப் பெண் ஒருத்தி உளவளத்துணை டிப்ளோமா படித்தாள். வகுப்பில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது: நேருக்கு நேர் கதிரை போட்டு, கை கட்டாமல், சற்று முன்னால் சாய்ந்து, கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். களப்பயிற்சிக்குப் போன முதல் வீட்டில் ஒரேயொரு பிளாஸ்டிக் கதிரை. அதை அவளுக்குத் தூசி தட்டிப் போட்டுவிட்டு அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னால் சாய்ந்து கண்ணைப் பார்ப்பதற்கு எங்கே போவது? அரைமணி நேரம் அந்த அம்மா நின்றபடி "ஓம்", "இல்லை" என்றாராம்.

திரும்பி வந்தவளுக்கு வழி சொன்னவர் அவளுடைய களமேற்பார்வையாளர். வெகுகாலம் நன்னடத்தைத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்; மணித்தியாலக் கொடுப்பனவுக்கு வந்துபோகிறவர்; கையேட்டில் படம் இல்லை. "போனவுடன் குடிக்கத் தண்ணீர் கேள், பிள்ளை" என்றாராம் அவர். "தண்ணீர் எடுக்க அவர் குசினிக்குப் போவார். நீயும் பின்னால் போ. குசினியில் கதிரை இருக்காது, இருவரும் ஒரே பலகையில் குந்துவீர்கள். அவர் கையில் ஏதாவது வேலை இருக்கும், உன்னைப் பார்க்காமல் பேசலாம். அயலவர்களும் குசினி வரைக்கும் வந்து நிற்க மாட்டார்கள்." அடுத்த கிழமை அவள் தண்ணீர் கேட்டாள். அந்த அம்மா தேங்காய் துருவிக்கொண்டே இரண்டு மணித்தியாலம் பேசினார்.

அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் கல்வியையும் மனிதநலச் சேவைகளையும் ஒரே பீடமாக வைத்திருக்கின்றன. ஆசிரியப் பயிற்சி, விசேட கல்வி, உளவளத்துணை, சில இடங்களில் சமூகப்பணியும் ஒரே கூரையின் கீழ் வரும். அந்த நாட்டு முறைகள் எல்லாம் இங்கே வேண்டும் என்று நான் நினைப்பதில்லை, ஆனால் ஒரு விதியைக் கவனியுங்கள். அங்கே சமூகப்பணிக் கற்கைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் சபையொன்று இருக்கிறது. தொழில்முறைப் பாடங்களை எடுப்பவருக்குச் சமூகப்பணியில் முதுமாணி இருந்தால் மட்டும் போதாது. சமூகப்பணிப் பட்டம் பெற்ற பிறகு குறைந்தது இரண்டு வருடம் களத்தில் வேலை செய்திருக்க வேண்டும் என்பது அந்தச் சபையின் நியமம். மாணவருக்கும் களம் கட்டாயம்: இளமாணிக்கு 400 மணித்தியாலம், முதுமாணிக்கு 900. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக்குழு 2022 இல் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. தம் தொழிலில் குறைந்தது 15 வருடம் தேர்ந்தவரைக் கலாநிதிப் பட்டம் இல்லாமலே பேராசிரியராகக் குறித்த காலத்துக்கு அமர்த்தலாம். அனுமதிக்கப்பட்ட பதவிகளில் 10 வீதத்துக்கு மேற்படக் கூடாது. குறைகள் அதிலும் இருக்கும். ஆனாலும் நன்னடத்தையில் நரைத்த ஒருவருக்குக் கையேட்டில் படம் போட ஒரு வழி திறந்திருக்கிறது. எங்கள் நாட்டில் சமூகப்பணிக் கல்வி 1952 இலேயே தொடங்கிவிட்டது. அந்த நிறுவனம்தான் 1992 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமானது. எழுபது வருடத்துக்கு மேற்பட்ட ஒரு கல்விக்கு நாங்கள் புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் போல நடிக்கத் தேவையில்லை.

தூர தேசம் எதற்கு? திருகோணமலை நகரத்துக்குள் நடந்து போனால் இ.கி.ச. ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி இருக்கிறது. அந்த முதல் மூன்று எழுத்தும் இராமகிருஷ்ண சங்கத்தைக் குறிப்பவை. கிழக்கில் அந்தச் சங்கத்தின் பள்ளிக்கூடங்களைக் கட்டி எழுப்பியவர் விபுலாநந்த அடிகள். 1892 இல் காரைதீவில் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சி பெற்றார், மட்டக்களப்பில் படிப்பித்தார், விஞ்ஞானத்தில் டிப்ளோமா எடுத்தார், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தார், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபரானார். இவ்வளவும் ஆன பிறகு, 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. விஞ்ஞானம் படிப்பித்த ஒருவரைத் தமிழுக்குப் பேராசிரியராக்கிய அந்தத் தெரிவுக்குழுக்கள் இன்றைக்கு இருந்தால் எத்தனை புள்ளி போட்டிருக்கும் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன். அந்தக் காலத்தைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதும் எவரும் அந்தப் பள்ளிக்கூட வருடங்களை விட்டுவிடுவதில்லை. எங்கள் கையேடு மட்டும் ஏன் விடுகிறது?

வேண்டுகோள்களுக்கு வருகிறேன். பெரியவை அல்ல, முதலாவதுக்குக் காசும் செலவாகாது. அடுத்த கையேட்டில் ஒவ்வொருவருடைய பத்து வரியிலும் களத்துக்கு ஒரு வரி விடுங்கள்: எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தத் தரத்தில், எத்தனை வருடம், எந்தப் பிரதேச செயலகத்தில், எந்தப் பதவியில். இல்லாதவர்கள் "இல்லை" என்று எழுதட்டும். அதில் அவமானம் ஒன்றும் கிடையாது. கடைசி வரியை வாசிக்கச் சொன்னவரும் அப்படித்தான் எழுதியிருப்பார். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு யாரிடம் படிக்கப் போகிறேன் என்று அறியும் உரிமை உண்டு.

பேராசிரியர் பதவியுயர்வுக்குரிய சுற்றறிக்கைகளை மாற்றுவது உங்கள் கையில் மட்டும் இல்லை என்பதை அறிவேன். ஆனால் நேர்முகப் பரீட்சையில் என்ன கேட்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஆசிரியக் கல்விக்குத் தலைமை தாங்க வருபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மூன்று தரம், ஒரு மண்டபம், தகரக் கூரை, மழை. என்ன செய்வீர்கள்? சமூகப்பணிக்கு வருபவரிடம்: ஒரு வீடு, ஒரு கதிரை. எங்கே உட்காருவீர்கள்? விடை ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. யோசிக்கும்போது அவர்களுடைய முகத்தைப் பாருங்கள், போதும்.

கல்வியியற் கல்லூரித் தலைவரையும் நாங்கள் தமிழில் பீடாதிபதி என்றுதான் அழைக்கிறோம், பல்கலைக்கழகப் பீடத்தின் தலைவரையும் அப்படியே. இரண்டு பீடாதிபதிகளும் வருடத்தில் சில நாட்களாவது ஒருவர் களத்தில் மற்றவர் நின்றால் என்ன? கட்டுறுபயில் ஆசிரியர்களைப் பார்க்கப் பல்கலைக்கழகத்தவர் வரட்டும். பார்க்க மட்டுமல்ல, இரண்டு பாடவேளை எடுக்கட்டும். ஒரு கிழமைக்கு ஒரு நாள் என்றால் பதவி வேலை கெட்டுவிடும் என்பீர்கள். தவணைக்கு ஐந்து நாள் என்று தொடங்கலாம். 1998 இல் படிப்பித்ததை வைத்துக்கொண்டு இன்றைய வகுப்பைப் பற்றிப் பேசுபவர்களுக்கும் இது பொருந்தும். அந்தக் காலத்துப் பிள்ளையின் பையில் கைத்தொலைபேசி இருக்கவில்லை, சாதாரண வகுப்பின் முன்வாங்கில் மதியிறுக்கம் உள்ள பிள்ளை உட்கார்ந்திருப்பதும் அரிது. நானும் வெளியே வந்து சில வருடமாகிவிட்டது. என் அனுபவமும் புளித்துக்கொண்டுதான் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

களமேற்பார்வையாளர்களைப் பற்றி ஒரு சொல். தமிழில் நடக்கும் உளவளத்துணை வகுப்புகளுக்குப் பாடநூல் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாகத்தான் வருகிறது. அந்தத் தமிழை வீட்டு வாசலில் பேசக்கூடிய தமிழாக மாற்றிக் கொடுப்பவர்கள் இந்தக் களத்து ஆட்கள்தாம். அவர்களுக்கு மணித்தியாலக் கொடுப்பனவும் போக்குவரத்துப் படியும் கொடுத்து வெளிவாசலால் அனுப்பாதீர்கள். பாடத்திட்டக் கூட்டத்துக்கு அழையுங்கள். படத்தையும் கேளுங்கள், நன்னடத்தை ஐயா நல்ல வேட்டியோடு வந்து நிற்பார்.

என் பெறாமகளின் விண்ணப்பம் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. கையேட்டிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறிய கோடு போட்டு, விடை தெரிந்தவுடன் நிரப்புவதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள். ஒரு கோட்டை நான் நிரப்பிவிட்டேன்: ஆறு வருடம், மூன்றாம் நான்காம் ஐந்தாம் தரங்கள், ஒரே மண்டபம். மற்றவற்றுக்கு உங்களிடமிருந்து தகவல் எதிர்பார்க்கிறோம். விண்ணப்பம் ஏற்கும் கடைசித் திகதிக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர் ஒருவர்
உப்புவெளி, திருகோணமலை